எட்டிப் பிடிச்சால் அழிக்கிறன்

எழும்புங்கோ தங்கச்சி. ஓம், உங்களைத்தான். தமிழ்தானே, முகத்தைப் பாக்கத் தெரியுது. நீங்கள் வந்த ஒப்பீஸ் கந்தோர் திறக்க இன்னும் நல்ல நேரம் கிடக்கு. அதுவரைக்கும் இந்த வாங்கில குந்திக்கொண்டிருந்து என்ன செய்யப் போறியள்? என்னோட ஒரு சுத்து நடவுங்கோ. பையையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, இஞ்ச ஒண்டையும் விட்டிட்டு வரக்கூடாது.

நான் இருந்து கதை சொல்லுற ஆள் இல்லை. கதை வேணுமெண்டா என்னோட நடக்க வேணும், அதுதான் இந்த மோலுக்குள்ள சட்டம். சட்டம் போட்டது நான்தான். என்ர பேர் கமலாசனி. கடையள் திறக்க முதல் காலமையில இஞ்ச நடக்கிற தமிழ்ப் பெண்டுகள் எல்லாம் என்ர ஆக்கள். அந்தா முன்னுக்குப் போகினம் பாருங்கோ, ஜக்கெற்றுக்குக் கீழால சீலை தெரியுது, அதுகள்தான். ஏன் நடக்கிறியள் எண்டு கேட்டா சுகத்துக்கு எண்டு சொல்லுவினம். அவை சொல்லட்டும். நான் இதைத் தொடங்கினது ஒருத்தியைப் பழிவாங்க.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. முழுக்கக் கேட்டிட்டுச் சிரியுங்கோ.

ஆரை எண்டோ? என்ர மச்சாளை. சுகிர்தமலர். என்ர மனுசன்ர கூடப்பிறந்த தங்கச்சி. அவ எங்களுக்கு முதலே கனடாவுக்கு வந்து, படிச்சு, ஒரு சுகாதார நிலையத்தில வேலை எடுத்தவ. என்ன வேலை எண்டா, எங்களை மாதிரி வந்த பெண்டுகளை அசைக்கிறது. ஊரில நடந்து திரிஞ்ச சனம் இஞ்ச வந்து காரில ஏறி, பக்ரறியில ஒரே இடத்தில நிண்டு, வீட்ட வந்து கதிரையில விழுந்து, அரை வருசம் ஸ்னோ எண்டு சொல்லி வெளிக்கிடாமல் இருந்து, சீனியும் பிரஷரும் கொலஸ்ரோலும் எடுக்குதுகள். அதுகளைப் பிடிச்சு உடம்பை ஆட்டப் பண்ண வேணும். அதுக்குத்தான் அவவுக்குச் சம்பளம். அவ சொன்னது பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை. எனக்கும் சீனிதான். குளுசை காணாது, இனி ஊசிதான் எண்டு டொக்டர் வெருட்டிப்போட்டார். அவ சொன்னது சரி. செய்தது அநியாயம்.

இந்தப் பக்கத்தால வாங்கோ. நிலம் துடைச்சிருக்கினம், வழுக்கும்.

அவவின்ர பேத்திக்குச் சாமத்தியச் சடங்கு. பலகாரம் ஆர் சுட்டது? நான். "கடையில எடுத்தாச் சனம் குறை சொல்லும் மச்சாள், உங்கட கைப்பக்குவம் ஒருத்தருக்கும் வராது" எண்டு தேன் ஒழுகக் கதைச்சு என்ர தலையில கட்டினவ. வீட்டுக்குள்ள சுட்டாப் புகை மணி அடிக்கும் எண்டு கராஜுக்குள்ள அடுப்பை வைச்சு, கதவை அரைவாசி திறந்து விட்டிட்டு நிண்டனான். முன்னால எண்ணெய்ச் சட்டி கொதிக்குது, பின்னால முதுகில குளிர் காத்து அடிக்குது. பயத்தம் பணியாரம், முறுக்கு, அரியதரம். விடிய நிண்டாப் படுக்கிறமட்டும் நிண்டபடி. சடங்கண்டைக்காவது விட்டதோ? ஹோலில மேசை மேசையாப் பலகாரத்தைப் பரப்பி, வந்த சனத்துக்குப் பல்லைக் காட்டி, ஆரத்தித் தட்டுத் தூக்கி. கால் வீங்கிச் சப்பாத்து கழலுதில்லை. எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு மூலையில ஒரு கதிரையில நான், மற்றக் கதிரையில என்ர கால், மடியில ஒரு கோப்பையில கேக். வாயைத் திறந்து வைக்கிற நேரம் பாத்து ஏதோ ஒரு கறுமம் படம் எடுத்திட்டுது.

விளங்குதோ தங்கச்சி? அந்தப் பாடு முழுக்கப் பட்டு நான் இருந்தது அந்த ஒருக்காத்தான்.

அடுத்த வின்ரரில அவவின்ர நிலையத்தால பெண்களுக்கு ஒரு சுகாதார விழா வைச்சவை. எனக்குப் போன் எடுத்தா. "நல்ல சீலை ஒண்டு உடுத்துக்கொண்டு நேரத்தோட வாங்கோ மச்சாள், முன் வரிசையில இடம் வைச்சிருக்கிறன்." நானும் நம்பிப் போனன். சுட்ட பலகாரத்துக்கு ஒரு பொன்னாடை கின்னாடை போத்தப் போறாவாக்கும் எண்டு மனசுக்குள்ள ஒரு நினைப்பும் இருந்தது. கூறைச் சீலைக்கு அடுத்த சீலையை எடுத்துக் கட்டினனான்.

லைற்றை நூத்தினம். திரையில சுவரளவுக்கு நான். அந்தப் படம். காலும் கதிரையும் கேக்கும் திறந்த வாயும்.

அவ மைக்கைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறா, "இது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும். வேறை ஆரும் இல்லை, என்ர சொந்த மச்சாள்தான். இதுதான் எங்கட பெண்டுகளின்ர சீவியம். இருக்கிறது, தின்னுறது, பேந்து சீனி வந்திட்டுது எண்டு அழுறது." சனம் சிரிச்சுது. பின்னால இருந்து ஒருத்தி, "அக்கா, கேக்கை முடிச்சிட்டியளோ?" எண்டு கேட்டாள். அதுக்கும் சிரிச்சுதுகள். நான் சுட்ட பணியாரத்தை நெருக்கியடிச்சுத் திண்ட வாயள்தான் எல்லாம். சுகிர்தம் என்னைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டினா. பகிடியாம்!

நான் எழும்பி வெளிய வந்தன். இவர், என்ர மனுசன், காரோட நிக்கிறார், ஏறேல்லை. பஸ் வந்துது, ஏறேல்லை. ஸ்னோ கொட்டுது, சீலைக் கரை நனைஞ்சு காலோட ஒட்டுது, நான் நடக்கிறன். அவவைப் பேசிப் பேசி நடக்கிறன். எனக்குத் தெரிஞ்ச தூசணம் முழுக்க முடிஞ்சு, புதுசாக் கொஞ்சம் உண்டாக்கியும் பேசினன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நினைச்சன், இவ்வளவு தூரத்தை நான் கனடாவுக்கு வந்து ஒரு நாளும் நடக்கேல்லை எண்டு. காலமை விரலில குத்திப் பாத்தன். சீனி இறங்கி நிக்குது. மிசின் பிழை எண்டு நினைச்சு மற்ற விரலிலயும் குத்தினன். அதுவும் இறங்கித்தான்.

அப்ப எனக்கு விளங்கிச்சுது. எனக்குக் கோவம்தான் மருந்து. அது என்னட்டத் தாராளமாக் கிடக்கு.

சுகிர்தம் நடத்துற உடற்பயிற்சி வகுப்பை வெறும் ஹோல் ஆக்கிக் காட்டுறன் எண்டு சாமிப் படத்துக்கு முன்னால நிண்டு சொன்னனான். என்ன முழிக்கிறியள்? சாமியும் அந்தப் படத்தைப் பாத்திருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருக்கும்.

அவவின்ர வகுப்பு எப்பிடி எண்டு சொல்லவோ? பெரிய ஹோல். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. போட்ட பாட்டில காது கிழியும். காலோட ஒட்டின களுசானைப் போட்டுக்கொண்டு வரவேணும். எங்கட பெண்டுகள் பிள்ளையளைப் பெத்து வயிறு தொங்கினதுகள், தங்கட வயித்தைக் கண்ணாடியில பாத்து வெக்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கும். பக்கத்தில நிக்கிறவளை உதைக்கும். சுகிர்தம் என்ன செய்யிறா? வாசலில கதிரையைப் போட்டு இருந்துகொண்டு ஆர் வந்தது ஆர் வரேல்லை எண்டு பாப்பா. அவ காலைத் தூக்கி ஒருத்தரும் கண்டதில்லை.

நான் முதல் பிடிச்சது பவளராணியை. கேக்கை முடிச்சிட்டியளோ எண்டு கேட்டவள் இருக்கிறாளே, அவள்தான். அவளுக்கு வாயும் காதும் பெரிசு எண்டு எனக்குத் தெரியும். போனில சொன்னன், "பவளம், மோலுக்கு வா. உடுத்த உடுப்போட வரலாம், கண்ணாடி இல்லை, ஒருத்தரும் காலைத் தூக்கச் சொல்லமாட்டினம். சுகிர்தத்தின்ர மருமகன் ஏன் தனி வீடு எடுத்தவர் எண்டு சொல்லுறன். ஆனா நடந்துகொண்டுதான் சொல்லுவன்."

வராமல் இருப்பாளோ? ஓடி வந்தாள். நான் தொடங்கினன். கதை நல்ல இடத்துக்கு வர வேகத்தைக் கூட்டினன். அவள் இளைச்சு இளைச்சுப் பின்னால ஓடி வாறாள், "பேந்து அக்கா, பேந்து?" எண்டு கேட்டுக்கொண்டு. அந்தச் சப்பாத்துக் கடை மூலை வர நிப்பாட்டிப்போட்டன். மிச்சம் நாளைக்கு. அடுத்த நாள் அவள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் இன்னொருத்தியை. அந்த ஒரு கதையை நான் வின்ரர் முடியுமட்டும் இழுத்தனான் தங்கச்சி. உண்மையில அதுக்குள்ள ஒரு சாமானும் இல்லை. மருமகனுக்கு வேலை தூரம், அதுதான் தனி வீடு. ஆனா அதைச் சொல்லிப்போட்டா ஆர் நடப்பினம்?

சனத்துக்குச் சீனி இறங்கினது உண்மைதான். ஒருத்திக்கு ஊசியை நிப்பாட்டினவை. டொக்டர்மார் என்ன செய்யிறியள் எண்டு கேக்கினமாம். அது எனக்குத் தேவையில்லாத கதை. எனக்குத் தேவைப்பட்டது மற்றது. வசந்தம் வர, ஆள் இல்லாத வகுப்புக்கு இனி ஹோல் தரேலாது எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டினம். அண்டைக்கு வீட்ட பாயாசம் வைச்சனான். சீனி போடாமல்தான். இவர் வாயில வைச்சிட்டு என்னத்துக்கு இந்தப் பாயாசம் எண்டு கேட்டார். சும்மா குடியுங்கோ எண்டன்.

கொஞ்சம் கையை வீசி நடவுங்கோ, பையை மற்றத் தோளுக்கு மாத்துங்கோ. ஓம், அப்பிடித்தான்.

அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். முடியேல்லை. அவவுக்கு நெஞ்சுநோ வந்துது. ஆசுப்பத்திரியில வைச்சு இரத்தக் குழாய்க்குள்ள ஸ்பிரிங் மாதிரி ஏதோ விட்டு, ஒவ்வொரு நாளும் நடக்க வேணும் எண்டு சொல்லி வீட்ட விட்டினம். ஊருக்கெல்லாம் நட நட எண்டு சொன்ன மனுசி வந்து கட்டிலில விழுந்தது விழுந்ததுதான். அவவின்ர மனுசன் பாலேந்திரா அண்ணை எனக்குப் போன் எடுத்தார். எனக்கும் அவவுக்கும் கதை பேச்சில்லை எண்டு தெரிஞ்சும் எடுத்தார், வேறை வழி இல்லாமல்.

"கமலா, அவ எழும்புறாவில்லை. திரைச்சீலையைக் கூடத் திறக்க விடுறாவில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. இப்பிடியே கிடந்தா இன்னொருக்கா வருமாம். அது வந்தா இனித் தாங்காதாம்" எண்டு சொல்லி அழுதார், அந்தப் பெரிய மனுசன்.

எனக்குப் புளுகமா, சந்தோசமா இருந்தது. உங்களுக்கு ஏன் பொய் சொல்லவேணும்? இருந்தபடி இருக்கிறது ஆர் எண்டு இப்ப பாப்பம் எண்டுதான் வெளிக்கிட்டனான். கண் குளிரப் பாக்கப் போனன். கையில ஒரு தோடம்பழம் கூடக் கொண்டு போகேல்லை.

அறைக்குள்ள இருட்டு. தலைமயிரைச் சீப்பால இழுத்துப் பல நாள். கறுத்துச் சுருங்கி, எங்கட மாமி சாகேக்க கிடந்த மாதிரிக் கிடக்கிறா. என்னைக் கண்டிட்டு, "வந்திட்டியளோ மச்சாள்? பாக்கச் சந்தோசமோ?" எண்டா. குரலே இல்லை. கேட்டிட்டுப் பேந்தும் சுவர்ப் பக்கம் திரும்பிட்டா.

எனக்கு என்ன வந்துது எண்டு தெரியேல்லை. போனை எடுத்து நீட்டிப் பிடிச்சன். "அசையாதேங்கோ மச்சாள். உப்பிடியே கிடவுங்கோ, வடிவா இருக்கு. ஒரு படம் எடுப்பம்" எண்டன். ரிக் எண்டு அமத்தினன்.

எழும்பி இருந்திட்டா! அவ்வளவு நாளும் ஒருத்தராலயும் எழுப்பேலாத மனுசி. "என்ன செய்யிறியள்? அழியுங்கோ அதை!"

"ஏன் அழிக்க? ஹோல் எடுத்துச் சுவரளவுக்குப் போடப் போறன். மைக்கும் நான்தான் பிடிப்பன். இதுதான் எங்கட பெண்டுகளின்ர சீவியம் எண்டு சொல்லுவன்."

"மச்சாள், அழியுங்கோ எண்டு சொல்லுறன்!"

"மோலுக்கு வாங்கோ. காலமை நான் அங்க நடப்பன். எட்டிப் பிடிச்சால் அழிக்கிறன்" எண்டிட்டு வந்திட்டன். படியால இறங்கேக்க பின்னால ஏதோ விழுந்து உடைஞ்ச சத்தம் கேட்டுது. என்னத்தையோ எறிஞ்சிருக்கிறா. நல்லது, கையில பலம் கிடக்கு எண்டு நினைச்சன்.

அடுத்த நாளே வந்திட்டா. பாலேந்திரா அண்ணையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வாசலுக்குக் கிட்ட இருக்கிற பூச்சாடி வரைக்கும் வந்தா. அதோட இளைச்சுப் போச்சு. நான் முன்னால நடந்து காட்டினன். மெல்லமாத்தான் நடந்தன். தூரம் கூடினா அவ விட்டிட்டுப் போயிடுவா, பேந்து எனக்கென்ன சுவாரசியம்? கை எட்டுற மாதிரி இருக்கவேணும், ஆனா எட்டக்கூடாது. அதுதான் வதை. அடுத்த கிழமை நகைக்கடை மட்டும் வந்தா. பேந்து மின்படி மட்டும். இப்ப முழுச் சுத்தும் வாறா. அண்ணை வாறேல்லை, தனியப் பஸ் எடுத்து வாறா. விடிய நான்தான் போன் எடுக்கிறது. "எழும்பிட்டியளோ? படம் இன்னும் கிடக்கு" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவன். ஒரு நாளும் விட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த அண்டைக்கும் எடுத்தனான். அவவை ஒரு நாள் நிம்மதியா விட்டாலும் எனக்குச் சோறு இறங்காது.

பவளராணி சொல்லுறாள், "அக்கா, காணும் விடுங்கோ, பாவம்" எண்டு. எனக்கு விசர் வந்துது. என்ன பாவம்? அந்தத் திரையில கிடந்தது இவளோ நானோ?

ஒரு விசயம் சொல்லுறன், நீங்கள் வெளி ஆள், ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டியள். அண்டைக்கு அவவின்ர வீட்டால வந்து பஸ் தரிப்பில நிண்டு படத்தை எடுத்துப் பாத்தன். என்ர மகன் வாங்கித் தந்த போன். ஏதோ பிழையாத் தட்டுப்பட்டுப் போச்சு. அதுக்குள்ள சுகிர்தம் இல்லை. கட்டிலும் இல்லை. நான்தான் இருக்கிறன். என்ர முகம், கிட்டத்தில, பெரிசா. கண்ணெல்லாம் தண்ணி, வாய் கோணி, செத்தவீட்டுக்கு வந்தவள் மாதிரி.

அழேல்லை தங்கச்சி. அப்பிடிப் பாக்காதேங்கோ. குளிருக்குள்ள நிண்டிட்டுச் சூட்டுக்குள்ள வந்தாக் கண்ணில தண்ணி வரும்தானே, உங்களுக்கு வாறேல்லையோ? அதுதான். எனக்கு அதை அழிக்கவும் தெரியாது. மகனிட்டக் காட்டிக் கேக்கவும் ஏலாது, ஏனம்மா உப்பிடி இருக்கிறியள் எண்டு கேப்பான். அதைச் சுகிர்தம் பாத்தாவோ, என்ர மானம் போச்சு. திரையில கிடந்ததை விடக் கேவலம். அதாலதான் பிடிபடக்கூடாது எண்டு நான் இப்பிடிப் பறக்கிறன்.

அந்தா. வந்திட்டா. இந்தக் கடைக் கண்ணாடியில பாருங்கோ, திரும்பிப் பாக்காதேங்கோ. நீலத் தொப்பி, அதுதான் என்ர எதிரி. முகத்தில கொஞ்சம் நிறம் வந்திருக்கு என்ன? போன மாசம் சாம்பல் மாதிரிக் கிடந்தது.

கெதியா நடவுங்கோ. இன்னும் கொஞ்சம்.

போன கிழமை தொடக்கம் அவ படத்தைக் கேக்கிறாவில்லை. "மச்சாள், ஒருக்கா நில்லுங்கோ, ஒண்டு சொல்லவேணும்" எண்டு கூப்பிடுறா. என்ன சொல்லப் போறா எண்டு எனக்குத் தெரியாதோ? மைக்கில சொன்னதை வந்து காதுக்குள்ள திருப்பி எடுக்கப் போறா. அவ சொன்னா நானும் "சரி மச்சாள், விடுங்கோ" எண்டு சொல்லத்தான் வேணும், சொல்லாட்டி எனக்குத்தான் பழி. அதுக்குப் பிறகு? அவ மனம் ஆறி வீட்ட போய், கதவைச் சாத்தி, திரையையும் இழுத்து விட்டிட்டுப் படுத்திடுவா. எனக்குத் தெரியும் அவவை. கோவம் இல்லாட்டி அவவும் எழும்பமாட்டா, நானும் எழும்பமாட்டன். விடேலாது தங்கச்சி. அவ இப்ப சாகக்கூடாது, நான் இன்னும் முடிக்கேல்லை.

கூப்பிடுறா, கேக்குதோ? கேக்காத மாதிரி வாங்கோ.

என்ன, சத்தத்தைக் காணேல்லை? காலடியும் கேக்கேல்லை. நீங்கள் திரும்பிப் பாருங்கோ, நான் பாக்கமாட்டன். நிக்கிறாவோ? சுவரைப் பிடிச்சுக்கொண்டோ? நெஞ்சில கை வைச்சிருக்கிறாவோ? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்! விடுங்கோ, விலகுங்கோ, நான் பாக்கிறன்.

சப்பாத்துக் கயிறு கட்டுறா.

குனிஞ்சு கயிறு கட்டுறா, வேறை ஒண்டுமில்லை. கடவுளே. இல்லை, எனக்கு ஒண்டுமில்லை, தண்ணி வேண்டாம். கொஞ்சம் நில்லுங்கோ. அவவுக்காக நிக்கேல்லை, எனக்கு மூச்சு எடுக்கவேணும். குனியத் தெரியுதோ பாருங்கோ அவவுக்கு, ஒரு காலைக் கட்ட எவ்வளவு நேரம். மற்றதையும் கட்டுறா. கட்டட்டும். வடிவாக் கட்டட்டும், தடக்கி விழுந்தா அதுக்கும் நான்தான் காரணம் எண்டு சொல்லுவினம்.

கட்டிப்போட்டா. எழும்பிட்டா. எங்களைப் பாத்திட்டா.

நடவுங்கோ தங்கச்சி, நடவுங்கோ. நான் அவவைச் சும்மா விடமாட்டன்.